கன அடி தெரியாமல் காவிரி வழக்கா?

மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் டீக்கடையில் குரல் ஏறும். "கர்நாடகம் ஒரு சொட்டுகூட விடலை" என்பார் ஒருவர். "அவங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்லையாம்" என்பார் இன்னொருவர். ஒரு டிஎம்சி என்றால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் அது சேரும். 2023-இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் திறக்கச் சொன்னது. அதை எதிர்த்து செப்டம்பரில் கர்நாடகத்தில் முழு அடைப்பே நடந்தது. கணக்குப் போட்டால், அந்த 15 நாள் தண்ணீர் ஆறரை டிஎம்சி. வழக்கமான ஆண்டில் செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் நமக்கு வரவேண்டியது 36.76 டிஎம்சி. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசியவர்கள் இரு மாநிலத்திலும் எத்தனை பேர்?

நம் பக்கத்துக் குழப்பமும் குறைவில்லை. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வரும் 177.25 டிஎம்சியை நம் மொத்தப் பங்கு என்றே பலர் நினைக்கிறார்கள். மொத்தப் பங்கு 404.25. எல்லையில், பிலிகுண்டுலுவில் அளந்து தரவேண்டியதுதான் 177.25. அதேபோல, 120 அடி மேட்டூர் அணையில் 60 அடி தண்ணீர் நின்றால் பாதி அணை நிரம்பியதாக அர்த்தமில்லை. அடியில் குறுகி மேலே விரியும் நீர்த்தேக்கம் அது. முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியில் அப்போது இருப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

தெரியாததைத் தெரியும் என்று நினைப்பது காவிரியில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கெய்ல் என்ற உளவியலாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்றால் தெரியும் என்றவர்கள், படிப்படியாக விளக்கச் சொன்னதும் தங்கள் புரிதலுக்குத் தாங்களே தந்திருந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். 2013-இல் வேறு சில ஆய்வாளர்கள் இதையே அரசியல் கொள்கைகளில் சோதித்தார்கள். ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டபோது பிடிவாதம் தளரவில்லை. அது எப்படிச் செயல்படும் என்று விளக்கச் சொன்னபோது தளர்ந்தது.

உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவரின் கோபத்துக்குத்தான் வலு அதிகம். மேட்டூரில் திறந்த தண்ணீர் தன் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள், குறுவைக்கு எத்தனை நனைப்பு என்பதெல்லாம் கடைமடை விவசாயிக்கு அத்துப்படி. தொலைக்காட்சி விவாதங்களில் அவரைக் காணோம். அடுத்த முறை கட்சிப் பேச்சாளர்களுக்கு முன்னால் அவரையும் ஒரு பாசனப் பொறியாளரையும் உட்காரவையுங்கள்.