வண்டிக் கடன் கேட்கும் முன் வரிக்கணக்கு போடுங்க

வாலாஜாபாத் சுற்று வட்டாரத்துல இருந்து ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போறவங்க நிறைய. அதனால குழுக் கூட்டங்களில் வண்டிக் கடன் கேட்டு அடிக்கடி மனு வருது. மனுவில் பெரும்பாலும் ஷோரூம் விலையை மட்டும் எழுதுறாங்க. கடன் கைக்கு வந்த பிறகுதான் வரி ஒரு பக்கம், இன்சூரன்ஸ் ஒரு பக்கம் நிக்குது. பத்தாத பணத்தை வெளியில வட்டிக்கு வாங்குறாங்க. குழுக் கடன் எதுக்குன்னு ஆரம்பிச்சோமோ, அதுக்கே அர்த்தம் இல்லாம போயிடுது.

"வருஷா வருஷம் வரி கட்டணுமா மேடம்?" என்று பல பேர் கேட்கிறீங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கார், டூவீலருக்கு தமிழ்நாட்டில் ஆயுள் வரி. பதிவு பண்ணும்போது ஒரே தடவை கட்டணும். அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல வண்டியின் மதிப்பைப் பார்த்து வருஷா வருஷம் வாங்குறாங்க, வண்டி பழசானா அந்தக் கட்டணமும் குறையும். நமக்கு அப்படி இல்லை, முதல் நாளே மொத்தச் சுமையும்.

2023 நவம்பரில் இந்த வரியை உயர்த்தினாங்க. காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. டூவீலருக்கு 1 லட்சம் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், எல்லையைத் தாண்டினா மொத்த விலைக்கும் கூடுதல் வரி. வரிக்கணக்கில் 9,90,000 ரூபாய் வரும் காருக்கு 13 சதவீதம், அதாவது 1,28,700 ரூபாய். அதே கார்ல 30,000 ரூபாய் கூடுதல் மாடல் எடுத்தா விலை 10,20,000. வரி 1,83,600! முப்பதாயிரத்துக்கு ஆசைப்பட்டு வரியில் மட்டும் 54,900 அதிகம். ஷோரூம்ல இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேட்கணும். எந்த விலைக்கு வரி போட்டிருக்காங்கன்னு கோட்டேஷன்ல தனியா எழுதி வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியதால் அதுக்கு முந்தின கோட்டேஷன் செல்லாது.

இன்சூரன்சும் முதல் தடவை பெரிய தொகைதான். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு 3 வருஷம், டூவீலருக்கு 5 வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்கணும்.

பழைய வண்டி வாங்கினா, தமிழ்நாட்டுப் பதிவா இருந்தா ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியிருக்கும். பெயர் மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனா புதுச்சேரி பதிவு வண்டி "சீப்பா வருது"ன்னு புரோக்கர் சொன்னா உஷார். அதை இங்கே மாத்தி ஓட்ட, வண்டியின் வயசுக்கு ஏற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டணும். 15 வருஷம் முடியப் போற காருக்கு புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினா 10,000. அதுவும் வண்டியை ஆய்வுக்குக் காட்டி பாஸானால்தான்.

விற்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்துல உங்க பேர் இருக்கிற வரைக்கும் சட்டப்படி வண்டி உங்களுடையதுதான்னு உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொல்லியிருக்கு. வாங்கினவர் விபத்து பண்ணினா, நஷ்டஈடு உங்க தலையில விழும். வண்டியை வித்த 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காம சாவியைக் கொடுக்காதீங்க.

கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டப் போறோம்னா இந்தக் கணக்கு பொருந்தாது. மஞ்சள் போர்டுக்கு வரி வேற, பர்மிட் வேற. வெள்ளை போர்டுல வாடகை ஓட்டி விபத்து நடந்தா இன்சூரன்ஸ் பணம் சிக்கலாயிடும்.

இனி வண்டிக் கடன் தீர்மானம் எழுதும்போது விலை, ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு நாலையும் தனித்தனி வரியா தீர்மானப் புத்தகத்துல எழுதும்படி ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.