மாட்டுத் தோலில் கட்டியா? சூடு போடாதீர்கள்!

மாட்டின் உடம்பில் கட்டி கண்டதும் சிலர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறார்கள். இது தவறு.

இளங்கன்றுகளுக்கு வரும் மருக்கள் வைரஸ் கிருமியால் உண்டாகின்றன. பெரும்பாலும் சில மாதங்களில் தாமே உதிர்ந்துவிடும். காய்ச்சலோடு உடம்பெங்கும் முண்டு முண்டாக எழும்பினால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். 2022-ல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏராளமான மாடுகளைப் பலி கொண்டது அதுதான்.

புற்றுநோய்க் கட்டி அபூர்வம். கண்ணிமை போன்ற இடங்களில், வெளிறிய தோலில் வரும். ஆறாத புண்ணாகி ரத்தம் கசியும்.

நிச்சயமாக அறிவது எப்படி? டாக்டர் கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி, 10 சதவீத பார்மலினில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அங்கே அதை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சூடு போட்டால் சதை கருகி, அடையாளமே போய்விடும்.

"மாட்டுக்குக் கட்டி, விற்றுவிடலாமா?" என்று ஊரிலிருந்து கேட்கிறார்களா? "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள்!