விற்பதோடு விளக்கவும் வேண்டும்

நாங்கள் சப்ளை செய்த மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. எவர்சில்வர் கிண்ணம் வைத்ததில் தீப்பொறி பறந்ததாம். கடையில் யாரும் சொல்லவில்லை! வாடிக்கையாளர் பிறகு அந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

ஆகவே வியாபாரப் பெருமக்கள் இதை விளக்கி விற்க வேண்டுகிறோம்:

மைக்ரோ: உணவிலுள்ள ஈரத்தைச் சூடாக்கும். காய் வேகவைக்க, அப்பளம் சுட ஏற்றது. அடுப்புக்கேற்ற கண்ணாடி, பீங்கான் பாத்திரம் மட்டும். ஜரிகைக் கரை போட்டது ஆகாது. ஓட்டோடு முட்டை வைத்தால் வெடிக்கும்.

கிரில்: மேலிருந்து சுட்டுச் சிவக்க வைக்கும், பன்னீருக்கு நல்லது.

கன்வெக்ஷன்: சூடான காற்று சுழலும். கேக், பிஸ்கட்டுக்கு இதுவே. இதில் அலுமினிய கேக் தட்டு வைக்கலாம்; பிளாஸ்டிக் உருகும்.

மைக்ரோவில் காலி அடுப்பை ஓட்டினால் மேக்னட்ரான் கெடும். 16 ஆம்பியர் பிளக், எர்த் அவசியம்.

ஐந்து நிமிட விளக்கம், சரக்கு திரும்பும் நஷ்டத்தைத் தடுக்கும்.