எரிமலைத் தீவுக்கு ஒரு விடுமுறைத் திட்டம்

ஏப்ரல், மே மாதங்கள் வந்துவிட்டால் ஊரெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது. ஏரியைச் சுற்றி வண்டிகள். தூண் பாறையில் கூட்டம். பேருந்தில் நிற்க இடமில்லை. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெயிலுக்கு ஓடி வருகிறார்கள். அட்டுவம்பட்டியில் இருக்கும் நாங்கள் எங்கே ஓடுவது? குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு விடுமுறை என்றால் கடல்தான் நினைவுக்கு வரும். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் நூலகத்து நிலப்படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, காகிதத்திலேயே ஒரு பயணத்தைத் திட்டமிட்டோம். நிபந்தனைகள் இரண்டு. கடற்கரை வேண்டும்; எரிமலையும் வேண்டும்.

முதலில் அந்தமானைத்தான் பார்த்தோம். இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அங்கேதான் உள்ளது. பாரன் தீவு என்று பெயர். தலைநகரான போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் ஆளில்லாத தீவாக நிற்கிறது. ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் கரையிறங்க முடியாது. கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவு தூரம் போய் எட்டி நின்று பார்ப்பதா என்று எங்களுள் பலர் முகம் சுளித்தனர். அப்போதுதான் விரல் இன்னும் தெற்கே நகர்ந்து, இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு புள்ளியில் நின்றது. அது மொரீஷியஸ்.

நாடு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர்; நம் திண்டுக்கல் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்றது. அங்குள்ள மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான், அதாவது கொடைக்கானலின் உயரத்தில் பாதிகூட இல்லை. இதைப் படித்ததும் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை பிறகு எப்படிக் கரைந்தது என்பதைக் கீழே சொல்கிறோம்.

கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி மேலே வந்து, சுமார் எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இத்தீவு உருவாயிற்று. அந்த எரிமலைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்குகின்றன. ஆனால் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரியூனியன் தீவில், பிரான்சு நாட்டுக்குச் சொந்தமான அத்தீவில், இன்றும் ஓர் எரிமலை அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. ஏன் ஒன்று உறங்குகிறது, மற்றொன்று விழித்திருக்கிறது? தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் ஊசி ஓரிடத்திலேயே நின்று குத்துகிறது, துணிதான் நகர்கிறது, துணியில் வரிசையாகத் தையல் விழுகிறது. அதுபோல, பூமியின் ஆழத்தில் ஒரு வெப்ப ஊற்று பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருக்க, மேலேயுள்ள பூமியின் ஓடு மெல்ல மெல்ல நகர்ந்து செல்கிறது. மொரீஷியஸ் பழைய தையல். அது ஊசியைவிட்டு நகர்ந்துவிட்டது. ரியூனியன் இப்போது ஊசியின் கீழே இருக்கிறது.

இதில் எங்களை வியக்க வைத்தது ஒன்று உண்டு. அந்த வரிசையின் முதல் தையல் எது தெரியுமா? நம் இந்தியாவேதான்! சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தெற்கே இருந்தபோது இதே ஊற்றின் மேலாகக் கடந்து வந்தது. அப்போது வழிந்த குழம்பு உறைந்ததுதான் மகாராஷ்டிரத்தில் பரவிக் கிடக்கும் தக்காணத்தின் கரும்பாறை அடுக்குகள். பின்னர் மாலத்தீவின் அடித்தளம், அதன்பின் மொரீஷியஸ், கடைசியில் ரியூனியன். ஆகவே நாங்கள் திட்டமிட்ட பயணத்தில் மும்பையில் விமானம் ஏறி மொரீஷியஸில் இறங்கினால், அந்த ஊற்று விட்டுச்சென்ற சுவட்டில் ஒரு தையலிலிருந்து இன்னொரு தையலுக்குத்தான் பறக்கிறோம்.

நம் பழனி மலைகள் எரிமலையில் பிறந்தவை அல்ல. சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறை பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் இறுகிப் பின் மேலே எழுந்தது. கொடை ஏரியை எரிமலை வாய் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. 1863-இல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி அது. உண்மையான எரிமலை வாயில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க விரும்பினால் மொரீஷியஸின் கங்கா தலாவுக்குப் போக வேண்டும். மகா சிவராத்திரிக்கு ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே கால்நடையாகவே செல்கிறார்கள். கியூர்பிப் என்ற ஊரின் நடுவிலேயே இன்னொரு எரிமலை வாய் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் அகலம். உள்ளே மரங்கள் அடர்ந்திருக்கின்றன. விளிம்பில் மக்கள் காலை நடை போகிறார்கள். எரிமலையைச் சுற்றி உடற்பயிற்சி! அவ்வூரில் மழையும் மூடுபனியும் மிகுதியாம். ஆதலால் கடலுக்குப் போகிறோம் என்று கம்பளிச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டாம்.

எப்போது போவது என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. பருவங்கள் நமக்கு நேர் எதிர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாம் என்பது எங்கள் முதல் எண்ணம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயற்காலம் என்று அறிந்ததும் அதைக் கைவிட்டோம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்து வண்டிகளைப் புரட்டிப் போட்டது. நம் மே மாதம் அங்கே இலையுதிர் காலம். புயல் ஓய்ந்து, வெயிலும் தணிந்து, கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம். நம் பள்ளி விடுமுறையும் மே மாதமே. எங்கள் ஊரில் கூட்டம் நெரியும் அதே நாட்களில் நாங்கள் வெளியேறிவிடலாம்! மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளவேண்டும்.

வழி எளிது, செலவுதான் எளிதன்று. (அப்பாமார்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) அட்டுவம்பட்டியிலிருந்து பேருந்தில் கொடை ரோடு, அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு மும்பை, மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் ஆறு மணி நேரம். இந்தியர்கள் சுற்றுலா விசாவுக்கு முன்கூட்டி அலைய வேண்டியதில்லை. அங்கே இறங்கியதும் கட்டணமின்றித் தருகிறார்கள். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடத்தின் சீட்டும் கையில் இருக்கவேண்டும். நம்மைப் போன்ற சிறுமியருக்கும் தனிக் கடவுச்சீட்டு தேவை. உள்ளூரில் சுற்றப் பேருந்துகள் உண்டு. போர்ட் லூயிக்கும் கியூர்பிப்புக்கும் இடையே இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்ட மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

கடற்கரைகளைப் பற்றி விளக்க வேண்டியது கொஞ்சம்தான். தீவைச் சுற்றிப் பவளப்பாறை ஒரு மதில் போல நிற்கிறது. பெரிய அலைகள் அங்கேயே உடைந்துவிடுவதால் உட்புறத்துத் தண்ணீர் ஏரி போல அமைதியாக இருக்கிறது. மணல் வெண்மையாக இருப்பதற்கும் பவளத்தின் துகள்களே காரணம். மதில் இல்லாத இடமும் உண்டு. தெற்கே கிரி-கிரி என்ற கரையில் அலைகள் நேராக வந்து மோதுகின்றன. அங்கே நின்று பார்க்கலாம், இறங்கக் கூடாது. நாங்களோ ஏரியில் படகு விட்டவர்களே தவிர, நீந்தத் தெரிந்தவர்கள் வகுப்பில் மிகச் சிலர். ஆகவே அமைதியான கரைகளையே பட்டியலில் குறித்தோம். கல்மீன் என்ற நச்சு மீன் பாறையைப் போலவே கிடக்குமாம். காலணியோடுதான் தண்ணீரில் இறங்கவேண்டும்.

இந்தப் பவள மதிலின் மேல்தான் 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற பெருங்கப்பல் ஏறித் தரைதட்டியது. ஆகஸ்டு 6 முதல் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்து கடல் கறுத்தது. மக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்துத் தைத்து, நீளமான மிதவைகளாக்கிக் கடலில் இட்டார்கள். தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்பதால் தம் கூந்தலை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. இரட்டைச் சடையோடு பள்ளிக்கு வரும் நாங்கள் இதைப் படித்தபோது சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊர் உயரமானது என்ற பெருமை கரைந்தது இங்கேதான்.

கடலோரத்துத் துயரம் நமக்கென்ன என்று மலைவாசிகள் இருந்துவிட முடியாது. விருந்தாளிகள் விட்டுச்செல்லும் குப்பையை நாங்கள் நன்றாக அறிவோம். சோலைக்குள் கிடக்கும் பாட்டில்களையும், அவற்றை முகர்ந்து பார்க்கும் காட்டெருமைகளையும் கண்டிருக்கிறோம். வண்டிகளின் நெரிசல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் கொடைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. மொரீஷியஸிலும், நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் என்றால், 2024-இல் வந்த பயணிகள் 13 லட்சத்துக்கும் மேல். ஆகவே எங்கள் திட்டத்தில் ஒரு விதி சேர்த்தோம்: எங்கள் ஊரில் மற்றவர்கள் செய்யும்போது எங்களுக்குக் கோபம் வருவது எதுவோ, அதை அங்கே நாங்கள் செய்யக்கூடாது. பவளத்தை மிதிப்பதில்லை, ஒடித்துக் கொண்டுவருவதுமில்லை. பிளாஸ்டிக் பைக்கு அங்கே 2016-லேயே தடை வந்துவிட்டது; மஞ்சள் பை போதும்.

கடலும் மலையும் பார்த்தபின் ஒரு முழு நாளைப் போர்ட் லூயிக்கு ஒதுக்கினோம். துறைமுகத்தருகே ஆப்பிரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த இந்தியர்கள் இங்கேதான் கரையேறினர். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர்! 16 கற்படிகள் இன்றும் இருக்கின்றன. 2006-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் தமிழர்கள் அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் சென்றவர்கள். அருகிலுள்ள செயின்ட் குருவாவில் அருளாளர் லவால் அடிகளின் கல்லறை உள்ளது. விடுதலை பெற்ற அடிமைகளிடையே உழைத்து 1864 செப்டம்பர் 9-இல் மறைந்தவர் அவர். செப்டம்பர் 8 இரவு, இங்கே வேளாங்கண்ணியில் மக்கள் கூடும் அதே நாளில், அங்கே எல்லா மதத்தினரும் அவர் கல்லறைக்கு நடந்து வருகிறார்கள்.

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். தெருவில் பேசுவது கிரியோல். ஆங்கிலமும் பிரெஞ்சும் செல்லும். தமிழ் வம்சத்தினரில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே. ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. சந்தையில் 'பிப்பங்காய்' என்றால் பீர்க்கங்காய். 'பிரேட் முரும்' என்றால் முருங்கைக்கீரை! திருமணங்களில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். தெருக்கடையில் விற்கும் மிளகாய்ப் பலகாரம் நம் மசால் வடைக்குத் தங்கை.

அங்கே நாணயமும் ரூபாய்தான். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு ரூபாய். நோட்டுகளில் மதிப்பைத் தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் அச்சிடுகிறார்கள். 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழின் இடம் ஒரு படி கீழே போனதும் பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டனர். உள்ளதில் சிறியது 25 ரூபாய் நோட்டு. அதில் ஒன்றையாவது செலவழிக்காமல் கொண்டுவந்தால், வகுப்பில் எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம்.