வரிசைக்கு ஒரு விலை: ஓமந்தை அன்றும் இன்றும்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போகும் கடுகதி பஸ் இன்று ஓமந்தையில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. நொச்சிமோட்டை, பன்றிக்கெய்தகுளம், ஓமந்தை, விளக்குவைத்தகுளம் என்று ஊர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைகின்றன. யன்னலோரம் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது இன்னுமொரு ஊர். பக்கத்தில் இருக்கும் தாய்க்கு அப்படியல்ல. "ஓமந்தை தாண்டியாச்சா?" என்பதுதான் ஒரு காலத்தில் வடக்குக்கும் கொழும்புக்கும் இடையில் பயணம் போனவரிடம் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி.

இந்த இடம் வாசலாக மாறியதற்குப் போர்தான் காரணம். 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து தொடங்கிய 'ஜெயசிக்குறு' நடவடிக்கையில் ஓமந்தை இராணுவத்தின் கைக்கு வந்தது. 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் அந்த நடவடிக்கையில் இழந்த நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பிப் பிடித்தார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தபோது, ஓமந்தையில் அரசாங்கத்தின் சோதனைச்சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சோதனைச்சாவடி, இரண்டுக்கும் நடுவில் செஞ்சிலுவைச் சங்கம் நின்ற சூனியப் பிரதேசம் என்று ஒழுங்கு அமைந்தது.

அந்த வரிசையில் நின்றவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை, நில்லாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ்ஸை விட்டு எல்லோரும் பொதிகளோடு இறங்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நீண்ட மேசையில் பையைக் கவிழ்த்தால், யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒடியல் மாவுக்குள்ளும் மிளகாய்த்தூளுக்குள்ளும் விரலோ கம்பியோ இறங்கும். மடித்து வைத்த சேலை பிரிந்து கிடக்கும். அதை மறுபடி மடிக்க நேரமில்லை, பின்னால் நிற்பவரின் பை மேசைக்கு வந்துவிடும். லொறிக்காரர் பாடு இன்னும் மோசம். ஏற்றிய சாமானை இறக்கி, காட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். வாழைக்குலை ஏற்றிய லொறிக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம்.

அந்த வரிசையில் எல்லோரும் சமம் என்று சொல்ல முடியாது. ஐ.நா. வாகனத்துக்கும் பிரமுகர்களின் வாகனத்துக்கும் வேறு ஒழுங்கு இருந்தது. அதற்கு முன்பு, தொண்ணூறுகளில், வவுனியாவில் தங்க அனுமதித் தாள் கேட்ட 'பாஸ்' முறை இருந்த காலத்தில் தரவரிசை இன்னும் அப்பட்டமாக இருந்தது. ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று தாளின் தரம்தான் மனிதரின் தரம். பொறுப்பு நிற்க உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த முறை சட்டபூர்வமானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2002இல்தான் தீர்த்தது. மறுபக்கம் புலிகளின் பகுதியிலிருந்து வெளியேறவும் அனுமதி வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். முந்திப் போக வழி இருந்தது. ஆனால் அது பதவியும் கடிதமும் தெரிந்த ஆளும் தரும் வழி. வாசலில் விலைப்பட்டியல் தொங்கவில்லை.

2006 ஓகஸ்டில் சண்டை மூண்டதோடு வீதி மூடப்பட்டது. 2009 மே மாதம், போரின் முடிவில், முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்தவர்கள் ஓமந்தையில் மறுபடியும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வரும்படி அறிவிக்கப்பட்டது. அங்கே கையளித்த பிள்ளையை, கணவனை இன்றுவரை தேடும் குடும்பங்கள் உண்டு. வவுனியாவில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வரிசையை மற்ற வரிசைகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. ஆனால் ஓமந்தையை எழுதும்போது அதைச் சொல்லாமல் கடக்கவும் கூடாது.

போர் முடிந்த பிறகும் பதிவும் சோதனையும் நீடித்தன. 2011 மே மாதம் ஓமந்தை வரை கோச்சி வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை போனது. 2015 ஓகஸ்டில் சோதனைச்சாவடி அகற்றப்பட்டது. வரிசை ஒரே நாளில் இல்லாமல் போனது. வேகமாகப் போக யாரிடமும் காசு வாங்கவில்லை. வாசலையே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போதைய வரிசைகள் வேறு. 2022இல் நாடு வங்குரோத்தானபோது எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாக நின்றோம். காசுள்ளவர் கறுப்புச் சந்தையில் கலனாக வாங்கினார், இல்லாதவர் சைக்கிளைத் தேடினார். அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கூடக் காசு கொடுத்தாலும் பம்பில் அதற்கு மேல் இல்லை. குறைகள் இருந்தாலும், சில கிழமைகளில் வரிசை சுருங்கியது.

அதே ஆண்டு இன்னொரு வரிசை வவுனியாவில் நீண்டது. நாட்டை விட்டுப் போக விரும்பியவர்களின் வரிசை. 2022இல் மட்டும் நாடு முழுவதும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. ஜூலையில் ஒரு நாள் சேவை வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கும் விரிந்ததும், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று வடக்கு முழுவதும் அங்கே வந்து பாய் விரித்தது. சாமத்தில் இடம் பிடித்து விடிய அதை விற்கும் தரகர்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. அது சட்டவிரோதம், எல்லோரும் திட்டினோம்.

ஆனால் உள்ளே அரசாங்கமும் அதே சரக்கைச் சட்டபூர்வமாக விற்றுக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் சாதாரண சேவைக்கு 5,000 ரூபா, ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபா என்று கட்டணம் உயர்ந்தது. 2024 டிசம்பரில் சாதாரண சேவையின் கட்டணம் 10,000 ஆனது. புத்தகம் ஒன்று, அச்சு ஒன்று, செல்லுபடியாகும் காலமும் ஒன்று. மேலதிகமாகக் கொடுக்கும் காசு வேறொருவருக்கு முன்னால் நிற்பதற்கு. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்கே தட்டுப்பாடு வந்து, மக்கள் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் நாட்கணக்கில் நின்றதும் நினைவிருக்கும். புத்தகம் குறைவாக இருக்கும்போது முந்திப் போகும் ஒவ்வொருவரும் பின்னால் நிற்பவரின் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்.

முன்னிடத்தை விற்கும் இந்த வியாபாரத்தை உலகுக்குப் பழக்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். வன்னிப் பிள்ளைகளுக்கு இராட்டினம் என்றால் இன்றும் பெரும்பாலும் திருவிழாக் காலத்து இராட்டினந்தான். ஆனால் தமிழ்நாட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போய் வந்தவர்களுக்கு 'வேக வரிசை' புதிதல்ல. டிஸ்னி நிறுவனம் 1999இல் கொண்டுவந்த வேக அட்டை இலவசமாக இருந்தது. நேரம் குறித்த சீட்டை எடுத்துவிட்டு வேறெங்காவது சுற்றலாம், பணக்காரனுக்கும் ஏழைக்கும் சீட்டு ஒன்று. 2021இல் அது கட்டணச் சேவையாக மாறியது. 2024இல் புளோரிடாப் பூங்காவில் கூட்டம் மிகுந்த நாளில் ஆள் ஒருவருக்கு 449 டொலர் வரை விலை போட்டு, எல்லா வேக வரிசைகளையும் ஒரே சீட்டில் விற்றார்கள். நுழைவுச் சீட்டு அதற்கு வேறு.

கணக்கு எளிது. ஓர் இராட்டினம் மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 700 இடம் வேக வரிசைக்குப் போனால், வெயிலில் நிற்கும் மற்றவர்களுக்கு மிஞ்சுவது 300. இராட்டினம் ஒரு சுற்றுக்கூட வேகமாகச் சுற்றவில்லை. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சாதாரண வரிசை குறுகியதாக இருந்தால் வேகச் சீட்டை யார் வாங்குவார்? குறுக்குவழி விற்பவருக்கு நேர்வழி நீண்டிருப்பதில்தான் இலாபம்.

அதற்காகக் கூடக் காசுக்குக் கூடிய வசதி கொடுப்பதெல்லாம் அநியாயம் என்று நான் வாதிட வரவில்லை. ஓமந்தையைக் கடக்கும் நகர்சேர் ரயிலில் குளிரூட்டிய பெட்டியும் இருக்கிறது, சாதாரண பெட்டியும் இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு மெத்தை இருக்கை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேருகிறார்கள். அவருடைய சொகுசு எவருடைய நேரத்தையும் தின்னவில்லை. பூங்காவும் தனியார் கடைதான். பிடிக்கவில்லையென்றால் போகாமல் விடலாம், கடற்கரைக்குப் போகலாம். அங்கே நான் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை இடத்தை வேக வரிசைக்கு விற்றோம், சாதாரண வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நுழைவுச் சீட்டு விற்கும் முன்பே வாசலில் எழுதிவைக்க வேண்டும்.

விட்டுவிட்டுப் போக முடியாத வாசல்களில் கதை வேறு. கடவுச்சீட்டு தர இந்த நாட்டில் வேறு கடை இல்லை. நோயாளிக்கும் தெரிவு பெரிதாக இல்லை. காலையில் கிளினிக்கில் நம்பர்த் துண்டோடு காத்திருந்து பார்க்கிற அதே வைத்திய நிபுணரைப் பின்னேரம் 'சனலிங்' காசு கட்டி உடனே பார்க்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் பழகிப்போன சங்கதி. கோயில்களில்கூட இரண்டு வழியையும் காணலாம். திருப்பதியில் 300 இந்திய ரூபா கொடுத்தால் தனி வரிசை. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா, அமைச்சர் வந்தாலும் அதே சீட்டுத்தான். நல்லூரில் கூட்டமும் குறையவில்லை, கோயிலும் நொடித்துப் போகவில்லை.

"அவசரம் உள்ளவர் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் தகப்பன் செத்துப்போனவருக்கும், விசா முடியப்போகும் மாணவருக்கும் முன்னுரிமை வேண்டும். ஆனால் அதற்குச் சான்று கடிதம், வைத்திய அறிக்கை, விமானச் சீட்டு. 20,000 ரூபா காசுக்கட்டு அவசரத்துக்குச் சான்றாகாது, வசதிக்குத்தான் சான்று. முல்லைத்தீவில் கூலிக்குப் போகும் ஒருவரின் அவசரமும் அவசரந்தான்.

வரிசையைக் குறைக்க என்ன வழி என்பதை இந்தப் பிரதேசம் கண்ணால் கண்டிருக்கிறது. 2015இல் ஓமந்தை வாசலை எடுத்தார்கள், வரிசை போனது. 2022இல் எரிபொருளை அளவாகப் பங்கிட்டார்கள், வரிசை சுருங்கியது. 2023இல் பிரதேச செயலகங்கள் ஊடாகக் கடவுச்சீட்டுக்குக் கைவிரல் அடையாளம் கொடுக்க வழி செய்தார்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள், யாழ்ப்பாணத்தார் வவுனியாவுக்கு வந்து படுக்கத் தேவை இல்லாமல் போனது. இவை எல்லாம் எல்லோருடைய காத்திருப்பையும் குறைத்த வழிகள். முன்னிடத்தை விற்கும் வழி ஒருவரின் காத்திருப்பை எடுத்து இன்னொருவரின் தலையில் வைக்கிறது.

ஆகவே பூங்காக்காரர் விற்கட்டும், கணக்கைக் காட்டிவிட்டு விற்கட்டும். அரசாங்க அலுவலகம் விற்கக்கூடாது. உடனே நிறுத்த முடியாதென்றால், ஒரு நாள் சேவையில் வரும் மேலதிகக் காசைச் சாதாரண வரிசையைக் குறைக்கவே செலவழிக்க வேண்டும். சாதாரண சேவைக்கு இத்தனை நாள் என்று கெடு எழுதி, கெடு தப்பினால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத வரை, வெளியே இடம் விற்கும் தரகரைப் பிடிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது, யோக்கியதை இல்லை.