கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் லைவ் ராக் என்ற பவளக் கல்லில் பழுப்பாக ஏதோ முளைத்திருக்கிறது. பார்த்தவர் அது என்னவென்று விசாரிப்பதில்லை. கத்தியால் சுரண்டுகிறார். போகாவிட்டால் கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரை ஊற்றுகிறார். முதல் வேலை தொல்லையைப் பெருக்கும். இரண்டாவது ஆளையே ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்.

2007-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒருவர் இப்படித்தான் கொதிநீர் ஊற்றி, எழுந்த ஆவியைச் சுவாசித்துவிட்டு மூச்சுத் திணறலில் விழுந்தார். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் ஊரில் ஒருவர் தொட்டியைச் சுத்தம் செய்யப் போக, வீட்டார் ஆறு பேரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நால்வரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பேலிடாக்சின் என்ற நஞ்சின் வேலை அது. அதற்கு மாற்று மருந்து கிடையாது.

பெரும்பாலும் குழப்பம் இரண்டு உயிர்களுக்கிடையில்தான். ஏப்டேசியா ஒரு குட்டிக் கடல் சாமந்தி. குட்டித் தென்னை போலத் தனித்தனியாக நிற்கும், நீளமான மெல்லிய கைகள், தொட்டால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிவிடும். பாலித்தோவா அப்படியல்ல. அடியில் ஒட்டிய பாய் போன்ற சதையில் சட்டைப் பொத்தான்களை நெருக்கித் தைத்தது போல் இருக்கும். விளிம்பில் மட்டும் குட்டையான கைகள். நஞ்சு இருப்பது இந்த இனத்தில்தான். ஒன்றில் நஞ்சு நிறைந்திருக்கும், ஏறக்குறைய அதே சாயலில் இருக்கும் இன்னொன்றில் இருக்காது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் நஞ்சாகவே நினையுங்கள்.

ஏப்டேசியாவை வெட்டினால் விட்டுப்போன துணுக்கிலிருந்து புதிதாக முளைக்கும். அதற்குச் சுண்ணாம்பு போதும். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பம்புகளை நிறுத்தி, சிரிஞ்சால் அதன் வாயின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரே நாளில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை எகிறும். வாசனை சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம். பெப்பர்மின்ட் இறாலும் ஏப்டேசியாவைத் தின்னும். ஆனால் கடைக்காரர் முதுகில் கூன் விழுந்த கேமல் இறாலைத் தந்துவிட்டால் அது பவளத்தையே கொறிக்கும். கூன் இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

பாலித்தோவா என்றால் பிரஷ், கத்தி, சுடுநீர், மைக்ரோவேவ் எதுவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லைத் தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். 5–6% சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, அன்றே கலந்தது. அதில் கல் முழுக அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். தொட்ட கருவிகளும் அதே கரைசலில். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: கொதிக்க வைக்காதீர்கள்.

வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல், இருமல், தசைவலி வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். கண்ணில் பட்டால் நீண்ட நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுப்பதுதான் பெரும் தவறு. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. டாக்டரிடம் 'மீன்தொட்டி கழுவினேன்' என்று மட்டும் சொல்லாமல், கல்லின் படத்தைக் காட்டி 'பேலிடாக்சின்' என்ற பெயரையும் சொல்லுங்கள். கேள்விப்பட்டிராத டாக்டர்கள் உண்டு.

போன கல்லுக்குப் பதிலாக மன்னார் வளைகுடாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவரலாம் என்ற யோசனை வேறு சிலருக்கு. பவளப்பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சிறை மூன்று ஆண்டுக்குக் குறையாது. செத்த பவளம் என்றாலும் தப்ப முடியாது. கடையில் வாங்கும்போது சுங்க ரசீதையும் அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்டீஸ் ஒப்பந்தப்படியான அனுமதிச் சீட்டின் நகலையும் கேளுங்கள். "எல்லாம் இம்போர்ட் சார்" என்று வாயால் சொல்வதை வனத்துறை ஆவணமாக எடுத்துக்கொள்ளாது.