இரும்பில் எழுதிய சரித்திரம்

பழைய படைக்கலம் ஒன்றைக் காண்போர், "இதனை ஏந்திய வீரன் யார்?" என்று வினவுவது இயல்பு. அதற்கு விடை கிடைப்பது அரிது. ஆயினும், அதனைச் செய்த ஆலையையும் ஆண்டையும், அது எந்த அரசின் உடைமையாய் இருந்தது என்பதையும் அதன்மீது பொறித்த முத்திரைகளே கூறும். ருஷ்யப் படையின் நகான் றிவோல்வர் இதற்குத் தக்க உதாரணமாகும்.

பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்தவரான லெயோன் நகான் ஆக்கிய இதனை ருஷ்ய அரசு 1895 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. முதல் 20,000 றிவோல்வர்கள் லியேஜ் நகரிலேயே செய்யப்பட்டன. மகா பீற்றர் 1712 இல் நிறுவிய தூலா ஆயுதத் தொழிற்சாலை 1898 முதல் அவ்வேலையை மேற்கொண்டது. குண்டுகள் ஏழையும் தாங்கும் உருளை, சுடுமுன் முன்னே நகர்ந்து குழலோடு இறுகப் பொருந்துவது இதன் தனிச்சிறப்பு.

இனி முத்திரைகளை நோக்குவோம். பேரரசரின் தூலா ஆயுதத் தொழிற்சாலை எனப் பொருள்படும் ருஷ்ய வாசகம் இருப்பின், அது மன்னராட்சிக் காலத்தது. 1917 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அவ்வாசகம் மறைந்தது. காலப்போக்கில், உள்ளே அம்பு பொறித்த நட்சத்திரம் தூலாவின் அடையாளமாயிற்று. அம்பு பொறித்த முக்கோணமாயின், இரண்டாம் உலகப் போரின்போது இஷெவ்ஸ்க் ஆலையில் செய்யப்பட்டது என அறியலாம். குறுக்குக்கோடு கொண்ட நாற்சதுரம், படைக்கலச் சாலையில் பழுதுபார்க்கப்பட்டதைக் குறிக்கும்.

சில றிவோல்வர்களில் பேரரசரின் வாசகத்தோடு, ஒரு கட்டத்துள் "எஸ். ஏ." என்ற இரு எழுத்துக்களும் காணப்படும். இவை பின்லாந்துப் படையின் உடைமைக் குறிகள். அப்படியாயின், அது அங்கே சென்றது எவ்வாறு? 1917 வரை பின்லாந்து ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஆகவே அக்காலத்திலிருந்தே அங்கு தங்கியிருக்கலாம். 1939-40 குளிர்காலப் போரில் கைப்பற்றப்பட்டதாகவும் இருக்கலாம். முத்திரை உடையவரைக் காட்டுகிறதேயன்றி, வந்த வழியைக் காட்டவில்லை. இரண்டிலொன்றை நம் விருப்பம்போல் தெரிந்து உரைப்பது கதையாகுமேயன்றிச் சரித்திரமாகாது.

இலக்கங்களையும் ஒப்பிடுதல் அவசியம். உடற்பகுதியிலும் குழலிலும் உருளையிலும் வேறுவேறு இலக்கங்கள் இருப்பின், அவை பழுதுபார்க்கையில் வெவ்வேறு றிவோல்வர்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அப்போது உடற்பகுதியில் உள்ள ஆண்டு முழு ஆயுதத்துக்கும் பொருந்தாது.

மன்னராட்சிக் காலத்தில் அதிகாரிகளின் நகான் விசையை இழுத்த மாத்திரத்திற் சுடும். சாதாரண வீரனுடையதோ, ஒவ்வொரு வேட்டுக்கும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்த பின்னரே சுடும். பதவி வேற்றுமை இயந்திரத்திலும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அவ்விரு சாராரின் பெயர்களையும் இவ்விரும்பிற் காணோம். அரசுகள் தம் உடைமையைக் குறித்தன. அதனைச் சுமந்தோரையும் அதனால் மடிந்தோரையும் குறிக்கவில்லை. சரித்திரம் பயிலும் மாணவர், பொறிப்பு கூறுவதையும் கூறாததையும் பிரித்தறியப் பழகுவாராக.